ஆறு மாதக் குழந்தை தன் கையாலேயே சாப்பிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூத்தவனுக்கு எல்லாவற்றையும் மிக்சியில் அடித்து, கூழாக்கித்தான் ஊட்டினேன். ஒன்றரை வயதிலும் ஒரு பருக்கை நாக்கில் பட்டால் துப்புவான். கிண்ணத்தோடு மொட்டை மாடிக்கும் வாசலுக்கும் நடந்தே ஒரு வேளை சோற்றுக்கு ஒரு மணி நேரம் போகும். இளையவளுக்கு ஆறு மாதம் முடிந்ததும், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையில் கொடுத்தேன். அவள் அதை நசுக்கினாள், முகர்ந்தாள், கன்னமெல்லாம் பூசினாள், கடைசியில் வாயில் வைத்தாள். அன்றிலிருந்து உறவிலும் தெருவிலும் கைக்குழந்தை உள்ளவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதையும், குழந்தை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டதையும், வீட்டில் பார்த்ததையும் எழுதுகிறேன்.

இது புதிதாக வந்த பழக்கமா?

பெயர்தான் புதிது. இங்கிலாந்தில் குழந்தை நலப் பணியாளராக இருந்த ஜில் ராப்ளி இதற்கு 'பேபி-லெட் வீனிங்' (குழந்தையே முன்னின்று திட உணவுக்குப் பழகுவது) என்று பெயர் கொடுத்துப் பரப்பினார். கூழ், மசியல், ஸ்பூன் என்ற படிகளைத் தாண்டி, வீட்டில் சமைத்ததையே பிடிக்கத் தோதான துண்டாக்கிக் குழந்தை முன் வைப்பது, எதை எடுப்பது எவ்வளவு தின்பது என்பதைக் குழந்தையிடம் விடுவது, இவ்வளவுதான் விஷயம். கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு இது அந்நியமில்லை. நடவுக்கோ களையெடுப்புக்கோ போகிற வீடுகளில், உட்காரத் தெரிந்த பிள்ளை கையில் இட்லியைப் பிட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மிக்சி வந்த பிறகுதான் எல்லாவற்றையும் அரைத்துக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

எப்போது தொடங்கலாம்? ஐந்தாம் மாதத்திலேயே நம் தட்டைப் பார்த்து வாயைச் சப்புகிறானே?

பார்ப்பதும் சப்புவதும் பசிக்கான அடையாளம் இல்லை. அந்த வயதில் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், 180 நாள் முடிந்ததும் இணை உணவு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

நாள் கணக்கு மட்டும் போதாது, குழந்தையின் உடம்பும் தயாராக இருக்க வேண்டும். கழுத்து நன்றாக நிற்க வேண்டும். லேசாகப் பிடித்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு பொருளை எடுத்து நேராக வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். வாயில் வைத்ததை நாக்கு தானாகவே வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்க வேண்டும். 180 நாள் ஆகியும் உட்கார முடியாத குழந்தைக்குக் கெட்டித் துண்டு கொடுக்காதீர்கள். ஆனால் உணவையே தள்ளிப்போடவும் வேண்டாம், அதுவரை மடியில் நிமிர்த்தி வைத்து மசித்தது கொடுங்கள்.

தொண்டையில் சிக்கிவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எங்கள் வீட்டு அப்பத்தாவும், "என்னடி, பச்சைப் பிள்ளைக்கு முழுசா குடுத்திருக்க? தொண்டையில சிக்கிக்கிட்டா?" என்று பதறிப்போனார். பயம் நியாயமானது. ஆனால் மூன்று வேறு வேறு விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலாவது ஓங்கரிப்பு. துண்டு சற்று உள்ளே போனதும் குழந்தை நாக்கை நீட்டி, கண் கலங்கி, "உவ்வே" என்று வெளியே தள்ளும். சில நேரம் வாந்தியும் வரும். சின்னக் குழந்தைகளுக்கு இந்த அனிச்சைச் செயல் நாக்கின் முன்பகுதியிலேயே தூண்டப்படும். அதாவது, துண்டு தொண்டைக்குப் போவதற்கு வெகு முன்பே உடம்பு அதைத் தடுத்துவிடுகிறது. பார்க்கிற நமக்கு உயிர் போகும், குழந்தையோ அடுத்த நொடி அதே துண்டை மறுபடி எடுக்கும். அப்போது நாம் அலறக் கூடாது, வாய்க்குள் விரலை விடவே கூடாது. விரல் அந்தத் துண்டை உள்ளே தள்ளிவிடும்.

இரண்டாவது புரையேறுதல். பெரியவர்களுக்கும் வருவதுதான். குழந்தை பலமாக இருமும். இருமல் வருகிறது என்றால் காற்று போய் வருகிறது என்று பொருள். இருமவிடுங்கள். உச்சந்தலையில் தட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவதுதான் ஆபத்து: மூச்சடைப்பு. இதில் சத்தம் வராது. அழுகை வராது, இருமல் வராது அல்லது மிக மெலிதாக வரும், உதடு நீலமாகும். அதனால்தான், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சமையலறையில் இருந்துகொண்டு "சத்தம் கேட்டால் போய்ப் பார்க்கலாம்" என்று இருக்க முடியாது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 206 தாய்மார்களை இரு பிரிவாகப் பிரித்து இதை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகள் தாமே எடுத்துச் சாப்பிட்டார்கள், அந்தப் பெற்றோருக்குத் துண்டின் அளவும் மென்மையும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. மற்றவர்கள் வழக்கமான முறையில் சாப்பிட்டார்கள். 2016-ல் வந்த முடிவின்படி மூச்சடைப்பில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. தாமே சாப்பிட்டவர்களுக்கு ஆறாம் மாதத்தில் ஓங்கரிப்பு அதிகம், எட்டாம் மாதத்தில் குறைவு. இதை "ஆபத்தே இல்லை" என்று புரிந்துகொள்ளக் கூடாது. இரண்டு பிரிவிலுமே, அடைத்துக்கொள்ளக்கூடிய உணவைப் பல பெற்றோர் கொடுத்திருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆக, யார் ஊட்டுகிறார்கள் என்பதைவிட எதை, எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது.

மூச்சடைத்துவிட்டால் என்ன செய்வது?

இதைத் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் எல்லோரும், தாத்தா உட்பட, கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வையுங்கள். தலை உடம்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும், தாடையைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை பலமாகத் தட்டுங்கள். வெளிவரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, நடு நெஞ்செலும்பில் 5 முறை அழுத்துங்கள். மாறி மாறிச் செய்துகொண்டே இருங்கள். இன்னொருவர் உடனே 108-ஐ அழைக்கட்டும், இலங்கையில் 1990. குழந்தை நினைவிழந்தால் இதயமீட்புச் சிகிச்சையை (சி.பி.ஆர்., அதாவது நெஞ்சை அழுத்தி, வாயில் காற்றை ஊதுவது) தொடங்க வேண்டும். வயிற்றை அழுத்துவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் துழாவுவது மூன்றும் கூடாது. எழுத்தில் படிப்பதைவிட, முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்து ஒருமுறை செய்து பார்த்தால் கை மறக்காது.

துண்டு எப்படி இருக்க வேண்டும்?

ஆறு மாதக் குழந்தை உள்ளங்கையால் மொத்தமாகப் பற்றும். முஷ்டிக்குள் இருப்பதை விடுவித்துச் சாப்பிடத் தெரியாது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் தின்னும். அதனால் நம் ஆள்காட்டி விரல் அளவுக்கு நீளமும் பருமனும் வேண்டும். சின்னதாக இருந்தால் பயமில்லை என்று நினைத்துப் பொடியாக நறுக்குவது இந்த வயதில் தவறு.

மென்மைக்கு ஒரே சோதனை: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் மசிந்துவிட வேண்டும். மசியவில்லை என்றால் இன்னும் இரண்டு விசில்.

வாழைப்பழமும் பப்பாளியும் கையில் வழுக்கும். வறுத்து அரைத்த சத்துமாவில் புரட்டிக் கொடுத்தால் பிடி கிடைக்கும். வாழைப்பழத்தில் பாதித் தோலை நன்றாகக் கழுவி விட்டு வைத்து, அதையே பிடியாக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. அப்படியானால் தோலைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் சில வாரங்களுக்கு என்ன கொடுக்கலாம்?

நான் கொடுத்தவை: அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மஞ்சள் பூசணி, நன்றாக வெந்த கேரட், பீட்ரூட், ஆவியில் வேகவைத்த நேந்திரம்பழம், இட்லியை நீளவாக்கில் நான்காகப் பிளந்தது. இட்லி சற்று உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டும். பருப்புத் தண்ணீரிலோ உப்பும் காரமும் சேர்க்காத சாம்பாரிலோ தோய்த்துக் கொடுங்கள். அப்புறம் மெத்தென்ற கேழ்வரகுத் தோசை, பாசிப்பருப்பு அடை, முழுதாக வெந்த முட்டை ஆம்லெட் கீற்று. சோறும் பருப்பும் நெய் விட்டுக் குழையப் பிசைந்து, பிடி கொழுக்கட்டை போல நீளமாகப் பிடித்து வைத்தால் அருமையாக எடுத்துச் சாப்பிடுவார்கள். முருங்கைக்காயைத் துண்டாகக் கொடுக்காதீர்கள், நார் சிக்கும். உள்ளிருக்கும் சதையை வழித்துச் சோற்றில் பிசையுங்கள்.

எதைக் கொடுக்கவே கூடாது?

முழு வேர்க்கடலை, முந்திரி, பொட்டுக்கடலை, பொரி, பாப்கார்ன், முறுக்கு, சீடை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், வேகாத ஆப்பிள், கடின மிட்டாய், ஜெல்லி. விதையுள்ள பழங்களில் நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது சீத்தாப்பழமும் நாவல்பழமும். மீனில் முள்ளை இரண்டு பேர் தனித்தனியாகத் தடவிப் பாருங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கினால் கொடுக்கலாம். கடலை வகைகளை முழுதாகக் கொடுப்பதை ஐந்து வயது வரை தள்ளிப்போடுங்கள். வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அவன் கையில் இருக்கும் கடலை மிட்டாயைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். தங்கச்சிக்கு அன்பாக ஊட்டிவிடுவான்.

தேன் ஒரு வயது வரை ஒரு துளி கூட வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்து.

உப்பு ஒரு வயது வரை சேர்க்க வேண்டாம். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி இரண்டு வயது வரை தேவையில்லை. "உப்பில்லாமல் எப்படித் தின்னும்?" என்பார்கள். உப்பின் ருசி தெரியாத நாக்குக்கு அது குறையாகத் தெரியாது. குடும்பத்துக்குச் சமைக்கும்போது உப்பும் காரமும் போடுவதற்கு முன் குழந்தைக்கு எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல் வேண்டாம். சீரகம், மஞ்சள், பெருங்காயம், கொத்தமல்லித் தழை எல்லாம் தாராளமாக இருக்கலாம்.

இரும்புச்சத்து கிடைக்குமா?

மூச்சடைப்பைப் பற்றிக் கேட்பதில் பத்தில் ஒரு பங்கு கூட இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதிகக் கவலை இதில்தான்.

கருவில் சேமித்து வைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் இந்தியாவில் 67 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 57 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை. இந்த நிலையில் தானே சாப்பிடட்டும் என்று கேரட்டையும் பழத்தையும் மட்டுமே வைத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு நல்லதில்லை. நியூசிலாந்து ஆய்விலும் ஒவ்வொரு வேளையும் இரும்புள்ள ஒரு பொருள் தட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லியே கொடுத்தார்கள்.

அசைவம் சாப்பிடும் வீடு என்றால் எளிது. கோழி ஈரலை நன்றாக வேகவைத்து இட்லியில் தடவலாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை, சிறிதளவு போதும். ஆட்டுக்கறியைக் குழைய வேகவைத்துக் கொத்தி, உருளைக்கிழங்கோடு சேர்த்து நீளமாகப் பிடிக்கலாம். சைவ வீடுகளில் துவரை, பாசி, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி. தாவர உணவில் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேராது. கூடவே தக்காளி, நெல்லிக்காய்ச் சாறு, கொய்யா, ஆரஞ்சு இருந்தால் நன்றாகச் சேரும். பயறை முளைகட்டினாலும், தானியத்தைப் புளிக்கவைத்தாலும் உறிஞ்சுதல் கூடும். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம், அதற்காகக் கொடுங்கள். இரும்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இதோடு அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இரும்புச் சிரப் உண்டு. வாரம் இரண்டு முறை, முறைக்கு 1 மில்லி. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். குழந்தை மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து பாட்டிலை ஓரம் கட்டிவிட்ட வீடுகள் எனக்குத் தெரியும். இரும்பு கொடுத்தால் மலம் கறுப்பது இயல்பு. நிறுத்தாதீர்கள்.

வேர்க்கடலை, முட்டை, மீன் எல்லாம் ஒரு வயதுக்குப் பிறகுதானே?

முன்பு அப்படிச் சொன்னார்கள், இப்போது மாறிவிட்டது. லண்டனில் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. வேர்க்கடலையைத் தவிர்த்தவர்களில் ஐந்து வயதில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. சிறு வயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். எனவே ஆறு மாதத்துக்குப் பின் வேர்க்கடலையை நைசாக அரைத்துக் கூழிலோ தோசை மாவிலோ சேர்க்கலாம். ஒவ்வொரு புதுப் பொருளையும் காலையில், தனியாக, சிறிதளவு தொடங்குங்கள். தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனை. கடுமையான கரப்பானோ, ஏற்கெனவே முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு வேர்க்கடலை தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பாதி தரையில் கிடக்கிறது. வயிறு நிறைகிறதா என்று எப்படித் தெரியும்?

முதல் மாதத்தில் பெரும்பாலும் நிறையாது, நிறைய வேண்டிய அவசியமும் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு மாதம் வரை குழந்தைக்கு வேண்டிய ஆற்றலில் பாதி அல்லது அதற்கும் மேல் தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும். பாலைக் குறைக்காதீர்கள். ஆறிலிருந்து எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை என்று உணவு மெல்லக் கூடட்டும். துண்டுகளில் நெய், நல்லெண்ணெய், தேங்காய்ப்பால் சேர்த்தால் கொஞ்சம் தின்றாலும் ஆற்றல் கிடைக்கும்.

தின்ற அளவைக் கணக்கிடாதீர்கள், எடையைப் பாருங்கள். மாதாமாதம் அங்கன்வாடியில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் குறித்துக் கொடுப்பார்கள். கோடு ஏறிக்கொண்டே போனால் நிம்மதியாக இருக்கலாம். இரண்டு மாதம் அப்படியே நின்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஊட்டவே கூடாதா? பாட்டிக்கு வருத்தமாக இருக்கிறதே.

ஊட்டலாம். இங்கே நான் கறாராக இல்லை. எங்கள் வீட்டில் அப்பத்தா பருப்புச் சோறு பிசைந்து இரண்டு வாய் ஊட்டுவார், அதே நேரம் குழந்தை கையில் ஒரு பூசணித் துண்டு இருக்கும். கஞ்சி, ரசம் சோறு, தயிர் சோறு போன்றவற்றுக்கு ஊட்டுவதுதான் தோது. இரண்டையும் கலந்து செய்வதால் குழந்தை குழம்பிவிடாது.

நான் விடாப்பிடியாக நின்றது ஒன்றில்தான்: குழந்தை வாயை மூடித் தலையைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அழும்போது வாய் திறக்கிற நேரம் பார்த்துத் திணிப்பது வேண்டவே வேண்டாம். மூச்சடைப்புக்கும் அதுவே வழி, சாப்பாட்டின் மேல் வெறுப்புக்கும் அதுவே வழி. போன் காட்டி ஊட்டுவதும் எனக்கு ஒப்பில்லை. திரையைப் பார்த்து வாய் திறக்கிற குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. அப்பத்தாவிடம் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும் சொன்னேன். எட்டாம் நாள், "நீயே எடுத்துத் தின்னு தாயி" என்று அவரே தட்டை நகர்த்தி வைத்தார்.

பல் முளைக்கவில்லையே?

ஈறு போதும். விரலை வைத்துப் பாருங்கள், எவ்வளவு பலம் என்று தெரியும். மெல்லுகிற கடைவாய்ப் பல் ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும், அதுவரை எந்தக் குழந்தையும் காத்திருப்பதில்லை. கட்டியான உணவைப் பத்து மாதம் வரை தள்ளிப்போட்டால் பிறகு பழக்குவது கடினமாகும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. எங்கள் மூத்தவனிடம் நான் பார்த்ததும் அதைத்தான்.

எங்கே, எப்படி உட்கார வைப்பது?

நிமிர்ந்து. சாய்வு நாற்காலி, தொட்டில், நடைவண்டி, ஓடுகிற கார் எதிலும் வேண்டாம். உயர நாற்காலி இருந்தால் கால் தொங்காமல் தாங்கல் வையுங்கள். இல்லாவிட்டால் தரையில் நீங்கள் சம்மணமிட்டு மடியில் வைத்துக்கொள்ளலாம், முன்னால் தாம்பாளம். கீழே பழைய வேட்டியை விரித்துவிட்டால் விழுந்ததைத் திரும்ப எடுத்துக் கொடுக்கலாம், வேட்டியை உதறித் துவைத்தால் தீர்ந்தது. குழந்தையின் கையையும் உங்கள் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். எல்லோரும் சாப்பிடும் நேரத்திலேயே குழந்தையும் சாப்பிடட்டும், பார்த்துத்தான் மென்று தின்னப் பழகும்.

தண்ணீர், பசும்பால்?

காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சாப்பாட்டோடு சின்ன டம்ளரில் சில வாய் கொடுக்கலாம். பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயது வரை கொடுக்க வேண்டாம். அதில் இரும்பு குறைவு, வயிற்றை நிரப்பிப் பசியையும் கெடுக்கும். தயிர், பனீர் கொடுக்கலாம். டீ, காபி கூடவே கூடாது.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது?

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், எடை குறைந்த குழந்தைகள், அன்னப்பிளவு உள்ளவர்கள், தசை பலவீனமோ வளர்ச்சித் தாமதமோ உள்ளவர்கள், பால் குடிக்கும்போதே அடிக்கடி புரையேறுகிறவர்கள்.

எப்போது சின்னத் துண்டுக்கு மாறுவது?

ஒன்பது மாத வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கிற ஒரு பருக்கையைப் பொறுக்க ஆரம்பிக்கும். அப்போது அவித்த பட்டாணியை நசுக்கி, மாதுளை முத்தை நசுக்கி, தோசையைப் பிய்த்து, சோற்றை உதிரியாகத் தட்டில் போடலாம். தரையையும் அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு முறை பெருக்குங்கள். ஊக்கு, பொத்தான், பட்டன் பேட்டரி எதையும் அந்த விரல்கள் விட்டுவைக்காது.